குரல்வழி அழைப்பாளர் அறிவிப்பும் காப்புரிமைச் சட்டத்தின் ‘வெளிப்படைத்தன்மை’க் கோட்பாடும்: கிளாஸ்கோ – ஆப்பிள் வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொலைபேசியில் அழைப்பவர் யார் என்பதைக் குரலால் அறிவிக்கும் கருவி ஒன்றிற்கு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை, அது துறை அறிந்தோர்க்கு எளிதில் தோன்றக்கூடியது என்னும் காரணத்தால் எதிர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அறிந்த கூறுகளை இணைத்து உருவாக்கிய பொருள் எப்பொழுது புத்தாக்கமாகும், எப்பொழுது ஆகாது என்னும் வினாவை இவ்வழக்கின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. இக்கோட்பாட்டைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘வெளிப்படை’ என்னும் சொல் கருத்து மயக்கத்திற்கு இடந்தருவதையும் சுட்டி, மாற்றுச் சொல் ஒன்றை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, புதுமை, புத்தாக்கப் படி, வெளிப்படைத்தன்மை, முன்னறிவு, உய்த்துணர்வு, அழைப்பாளர் அடையாளம்.

முன்னுரை

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்க்குக் குறிப்பிட்ட காலம்வரை தனியுரிமை அளித்து, அதற்கு ஈடாக அக்கண்டுபிடிப்பின் நுட்பத்தைப் பொதுமக்கள் அறியச் செய்வதே காப்புரிமையின் அடிப்படை ஒப்பந்தம். இவ்வொப்பந்தம் நேர்மையானதாக அமைய வேண்டுமாயின், கொடுக்கப்படும் தனியுரிமைக்கு ஏற்ற அளவில் சமுதாயம் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். முன்பே இருந்த ஒன்றிற்கு உரிமை அளிப்பது கூடாது என்பதைப் ‘புதுமை’ என்னும் நிபந்தனை காக்கிறது. முன்பு அதே வடிவில் இல்லாவிடினும், அத்துறையில் பழகியவர் எவரும் இயல்பாகச் செய்திருக்கக்கூடிய ஒன்றிற்கு உரிமை அளிப்பதும் கூடாது என்பதை ‘வெளிப்படைத்தன்மை இன்மை’ என்னும் நிபந்தனை காக்கிறது. இந்தியச் சட்டம் இதனைப் ‘புத்தாக்கப் படி’ என்னும் தொடரால் குறிக்கிறது.

இவ்விரு நிபந்தனைகளுள் முன்னதை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஒரே ஆவணத்தில் உரிமைகோரலின் கூறுகள் அனைத்தும் இடம்பெற்றுள்ளனவா எனப் பார்த்தால் போதும். பின்னதை அளப்பது கடினம். அங்கு இல்லாத ஒரு மனிதரின் மனத்தில், கடந்துபோன ஒரு நாளில், எது தோன்றியிருக்கும் என்று கணிக்க வேண்டியுள்ளது. இக்கடினத்தைத் தெளிவாகக் காட்டும் வழக்குகளுள் ஒன்றே இங்கு ஆராயப்படும் கிளாஸ்கோ நிறுவனத்திற்கும் ஆப்பிள் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கு.

தொழில்நுட்பப் பின்னணி

கம்பிவழித் தொலைபேசியில் அழைப்பாளர் அடையாளம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும. வட அமெரிக்க முறையில், முதல் மணியொலிக்கும் இரண்டாம் மணியொலிக்கும் இடைப்பட்ட சிறு அமைதியில் தொலைபேசி நிலையம் ஒரு தரவுத் தொகுதியை அனுப்புகிறது. இரு வேறு அதிர்வெண்களை மாற்றி மாற்றி அனுப்புவதன் வாயிலாக, நொடிக்கு 1200 துணுக்குகள் என்னும் வேகத்தில் இத்தரவு செல்கிறது. எளிய வடிவில் நாள், நேரம், அழைக்கும் எண் ஆகியவை மட்டும் இருக்கும். விரிந்த வடிவில் அழைப்பவரின் பெயரும் சேரும். பெறும் முனையிலுள்ள கருவி இத்தரவைப் பிரித்துச் சிறு திரையில் காட்டுகிறது.

திரையில் காட்டுவதற்கு ஒரு குறை உண்டு. பார்ப்பவர் கருவியின் அருகில் இருத்தல் வேண்டும். கை வேலையாக இருப்பவர், வேறு அறையில் இருப்பவர், பார்வைக் குறைபாடு உடையவர் ஆகியோர்க்கு அத்திரை பயன்படாது. மணியொலி காதை எட்டினும், அழைப்பவர் யார் என்பது எட்டுவதில்லை. எனவே, அடையாளத்தைக் கண்ணுக்கு அன்றிக் காதுக்குத் தரும் கருவி தேவைப்பட்டது.

இதற்கு வேண்டிய உறுப்புகள் மூன்று. தரவைப் பெற்றுப் பிரிக்கும் பகுதி ஒன்று. எண்ணையோ பெயரையோ ஒலியாக மாற்றும் பகுதி மற்றொன்று. அவ்வொலியை வெளியிடும் ஒலிபெருக்கி மூன்றாவது. பேச்சொலியை மின்னணு முறையில் உருவாக்கும் நுட்பம் புதியதன்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978ஆம் ஆண்டிலேயே ஒற்றைச் சில்லில் அமைந்த பேச்சுத் தொகுப்பியைக் கொண்டு, ‘ஸ்பீக் அண்டு ஸ்பெல்’ என்னும் குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சிக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைபேசிக்குள் ஒலிபெருக்கி இருந்ததும் பழஞ்செய்தியே. ஆக, மூன்று உறுப்புகளும் தனித்தனியே அறியப்பட்டவை. அவற்றை இணைத்தவர்க்கு உரிமை உண்டா என்பதே வினா.

கோட்பாட்டின் வளர்ச்சி

இவ்வினா அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. 1851ஆம் ஆண்டின் ஹாட்ச்கிஸ் – கிரீன்வுட் வழக்கில், கதவுக் குமிழை உலோகத்திற்குப் பதிலாகக் களிமண் அல்லது பீங்கானால் செய்ததற்கான காப்புரிமையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அம்மாற்றம் திறமையான தொழிலாளியின் வேலையே அன்றிக் கண்டுபிடிப்பாளரின் வேலை அன்று என்பது அதன் கருத்து. நூறாண்டுக்குப் பின்னர், 1952ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 103ஆம் பிரிவில் இக்கருத்துக்குச் சட்ட வடிவம் தந்தது.

1966ஆம் ஆண்டின் கிரஹாம் – ஜான் டீயர் வழக்கு, அப்பிரிவைப் பயன்படுத்தும் முறையை வகுத்தது. முன்னறிவின் எல்லையும் உள்ளடக்கமும் யாவை; அதற்கும் உரிமைகோரலுக்கும் உள்ள வேறுபாடு யாது; அத்துறையில் சாதாரணத் திறனுடையவரின் தகுதிநிலை என்ன; வணிக வெற்றி, நெடுங்காலம் தீராதிருந்த தேவை, பிறர் முயன்று தோற்றமை போன்ற புறநிலைச் சான்றுகள் உள்ளனவா என்னும் நான்கினையும் ஆராய வேண்டும் என அத்தீர்ப்பு கூறியது. இங்கு ‘முன்னறிவு’ என்பது, உரிய நாளுக்கு முன் பொதுவெளியில் இருந்த காப்புரிமைகள், வெளியீடுகள், பயன்பாட்டிலிருந்த பொருள்கள் ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கும்.

கிரஹாம் வகுத்த முறைக்குப் பின்னும் ஓர் இடர் எஞ்சியது. விடையை அறிந்தபின் வினா எளிதாகத் தோன்றுவது மனித இயல்பு. விடுகதையின் விடையைக் கேட்டவர், ‘இது எனக்குத் தெரியாதா’ என்பார். இப்பின்னறிவுப் பிழையைத் தவிர்ப்பதற்காகக் கூட்டாட்சிச் சுற்று நீதிமன்றம் ஒரு சோதனையை வளர்த்தது. அறிந்த கூறுகளை இணைக்குமாறு கற்பிக்கும், குறிப்புணர்த்தும் அல்லது தூண்டும் ஏதேனும் ஒன்று முன்னறிவில் காட்டப்பட வேண்டும் என்பதே அச்சோதனை. காலப்போக்கில் அது மிக இறுக்கமாகப் பயன்படுத்தப்பட்டது. எழுத்தில் தூண்டல் இல்லையெனில் எந்த எளிய இணைப்பும் காப்புரிமை பெறலாம் என்னும் நிலைக்கு அது இட்டுச் சென்றது.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் வெளிவந்த கே.எஸ்.ஆர். – டெலிஃப்ளெக்ஸ் தீர்ப்பு அவ்விறுக்கத்தைத் தளர்த்தியது. இருப்புநிலையை மாற்றி அமைக்கத்தக்க வாகன மிதியுடன் மின்னணு உணரியை இணைத்ததே அவ்வழக்கின் பொருள். நீதியரசர் கென்னடி எழுதிய ஒருமனதான தீர்ப்பில், தூண்டல் சோதனை உதவியான ஒன்றே எனினும் அதுவே மாறா விதியாகிவிடக் கூடாது என உச்ச நீதிமன்றம் கூறியது. அறிந்த கூறுகளை அறிந்த முறையில் இணைத்து, எதிர்பார்த்த பயனையே பெற்றால் அது வெளிப்படையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. துறைத் திறனாளர் இயந்திரம் அல்லர்; இயல்பான படைப்புத் திறனும் உடையவர். பழகிய பொருள்களுக்கு அவற்றின் முதன்மை நோக்கத்தைக் கடந்த பயன்களும் அவர்க்குப் புலப்படும்.

இத்தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே, 2007 மே 9 அன்று, லீப்ஃபிராக் – ஃபிஷர்-பிரைஸ் வழக்கில் அதன் தாக்கம் தெரிந்தது. எழுத்தைத் தொட்டால் அதன் ஒலியைக் கூறும் குழந்தைக் கல்விக் கருவி அவ்வழக்கின் பொருள். 1973ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்று, எழுத்து வடிவத் துண்டுகளை அழுத்தினால் இசைத்தட்டிலிருந்து ஒலி எழும் இயந்திரப் பொம்மையை விவரித்திருந்தது. அப்பழைய இயந்திர அமைப்பை அக்காலத்தில் பரவியிருந்த மின்னணுப் பேச்சு நுட்பத்தால் புதுப்பிப்பது, அத்தகைய பொம்மைகளை வடிவமைப்போர்க்கு இயல்பான செயலே என நீதிமன்றம் முடிவு செய்தது. பேசும் கருவிகளைப் பொறுத்தவரை இது முக்கியமான முன்மாதிரி. பழைய பணியைப் புதிய மின்னணுவியலால் செய்வது மட்டும் புத்தாக்கம் ஆகாது என்பது இதனால் உறுதியாயிற்று.

கிளாஸ்கோ – ஆப்பிள் வழக்கு

கிளாஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு பெற்ற 6,970,695 என்னும் எண்ணுடைய காப்புரிமை, அழைப்பை ஏற்கும் முன்பே அழைப்பவரின் அடையாளத்தைக் குரலால் அறிவிக்கும் கருவியைப் பற்றியது. ஆப்பிள் நிறுவனம், எதிர்த்தரப்பும் பங்கேற்கும் மறுஆய்வு என்னும் நடைமுறையின் வழியாக, இதனை மீண்டும் ஆராயுமாறு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தைக் கோரியது. அந்நடைமுறையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நீதிமன்றத்தில் காப்புரிமையை எதிர்ப்பவர், அது செல்லாது என்பதைத் தெளிவான, ஐயமகற்றும் வலிமையுள்ள சான்றால் நிறுவ வேண்டும். அலுவலக மறுஆய்விலோ, சான்றுகளின் எடை ஒருபுறம் மிகுந்திருந்தாலே போதும். ஆகவே, ஒரே காப்புரிமை ஓரிடத்தில் நிலைக்கவும் மற்றோரிடத்தில் வீழவும் கூடும்.

மறுஆய்வில் இரு முந்தைய ஆவணங்கள் முதன்மை பெற்றன. ஒன்று, அழைப்பவரின் அடையாளத்தைக் குரலால் அறிவிக்கும் தொலைபேசி அமைப்பைக் கூறும் ஃபுஜியோகாவின் ஆவணம். மற்றொன்று, தொலைபேசியின் ஒலிப்பாதைகளைக் கையாளும் மின்சுற்றைக் கூறும் குலிக்கின் ஆவணம். குரல் அறிவிப்பு என்னும் கருத்து முதல் ஆவணத்திலேயே இருந்தமையால், வழக்கின் மையம் அக்கருத்தைப் பற்றியதாக இல்லை. அறிவிப்பொலியும் அழைப்பு இணைந்தபின் வரும் பேச்சொலியும் ஒரே ஒலிபெருக்கியின் வழியாக வருவதே எஞ்சிய வேறுபாடு. இரு ஆவணங்களையும் இணைத்தால் அவ்வேறுபாடும் நீங்கிவிடும் எனக் கருதிய காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியம், உரிமைகோரல்கள் செல்லாதவை என முடிவு செய்தது. கிளாஸ்கோ மேல்முறையீடு செய்தது.

அந்நிறுவனத்தின் முதல் வாதம் கே.எஸ்.ஆர். தீர்ப்பின் ஒரு தொடரைப் பற்றியது. பழைய கூறுகள் தத்தம் பணியில் மாற்றமின்றி இணையும்போதே இணைப்பு வெளிப்படையாகும். இங்குக் கூறுகளின் பணி மாறுகிறது. எனவே அவ்விதி பொருந்தாது என்பதே அவ்வாதம்.

2016 செப்டம்பர் 22 அன்று அளித்த தீர்ப்பில் நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. கே.எஸ்.ஆர். தீர்ப்பின் தருக்கத்தை இவ்வளவு குறுக்கிப் பொருள்கொள்ளக் கூடாது என அது விளக்கியது. ஒரு துண்டு மற்றொரு துண்டுடன் பிசிறின்றிப் பொருந்தும் புதிர்ப்படத்தைச் சேர்ப்பவர் போன்று மட்டும் துறைத் திறனாளரைக் கருதுதல் ஆகாது. பொருத்தம் சரியாக இல்லாத இடத்தில் சிறிது மாற்றிப் பொருத்தும் ஆற்றலும் அவர்க்கு உண்டு. ஆகவே, கூறின் பணி சற்று மாறுவது மட்டுமே இணைப்பைப் புத்தாக்கமாக உயர்த்தாது. அம்மாற்றமும் அதன் விளைவும் எதிர்பார்க்கத்தக்கனவா என்பதே கேட்க வேண்டியது.

புறநிலைச் சான்றுகளும் வாரியத்தின் பிழையும்

கிளாஸ்கோவின் இரண்டாம் வாதம் ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது. தம் கருவிக்குத் துறையினரிடமிருந்து கிடைத்த பாராட்டுகளை அந்நிறுவனம் சான்றாக முன்வைத்தது. அறிந்தோர் பாராட்டிய ஒன்று, அறிந்தோர்க்கு எளிதில் தோன்றியிருக்காது என்பது இச்சான்றின் உட்கருத்து. இத்தகைய சான்று எடை பெற வேண்டுமாயின், பாராட்டுக்கும் உரிமைகோரலில் கூறப்பட்ட சிறப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கருவியின் அழகிய வடிவத்தைப் பாராட்டுவது குரல் அறிவிப்பின் புத்தாக்கத்தை நிறுவாது.

உரிமைகோரலின் பரப்பு விரிந்தது, பாராட்டப்பட்ட கருவியின் பரப்பு குறுகியது, ஆகவே சான்று பொருந்தாது என்னும் முறையில் வாரியம் சில சான்றுகளை அறவே ஒதுக்கியிருந்தது. இது பிழை என நீதிமன்றம் கூறியது. உரிமைகோரலுக்குள் அடங்கக்கூடிய எல்லா வடிவங்களையும் செய்து விற்றுக் காட்டுமாறு ஒருவரைக் கோர முடியாது. விற்ற பொருள் உரிமைகோரலின் எல்லைக்குள் இருந்தால், அதைப் பற்றிய சான்றை எடையிட்டுத்தான் ஆக வேண்டும். எனினும், அச்சான்றையும் சேர்த்து எடையிட்டாலும், வெளிப்படைத்தன்மையைக் காட்டும் சான்றே வலியது என்பதால் வாரியத்தின் முடிவு நிலைத்தது.

இங்கு ஒரு கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்தல் தகும். பின்னறிவுப் பிழைக்கு எதிரான அரண் என்பதே புறநிலைச் சான்றின் பயன். முன்னறிவு ஆவணங்களைப் படித்து முடிவுக்கு வந்துவிட்ட மனம், அதன்பின் பாராட்டுகளைப் பார்த்தால் அவை சிறியனவாகவே தோன்றும். முடிவுக்கு முன் நான்கு கூறுகளையும் ஒருசேர எடையிடுவதே கிரஹாம் வகுத்த முறையின் நோக்கத்திற்கு இசைந்தது. ஆயினும், குரல் அறிவிப்பு முன்னரே ஆவணமாகியிருந்த இவ்வழக்கில், எடையிடும் வரிசை மாறியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் எனக் கருத இடமில்லை. எஞ்சிய வேறுபாடு சிறிதாக இருக்கும்போது, அதனைத் தாங்கும் புறநிலைச் சான்று மிக வலியதாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இந்தியச் சட்டத்துடன் ஓர் ஒப்பீடு

இதே உரிமைகோரல் இந்தியாவில் எழுந்திருந்தால் இரு வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, ஒவ்வொன்றும் அறிந்த முறையில் தனித்து இயங்கும் அறிந்த கருவிகளை வெறுமனே வரிசைப்படுத்துதலையோ மாற்றி அடுக்குதலையோ கண்டுபிடிப்பாகக் கருதுவதில்லை. குரல் அறிவிப்புக் கருவியின் உறுப்புகள் தனித்து இயங்குவன அல்ல. பிரிக்கப்பட்ட தரவே பேச்சாகிறது. அப்பேச்சே ஒலிபெருக்கியை அடைகிறது. எனவே, இப்பிரிவின் தடையை அது கடக்க வாய்ப்புண்டு.

அடுத்த வாயில் 2(1)(ஜேஏ) பிரிவு. முந்தைய அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும்; அதனோடு, துறைத் திறனாளர்க்கு வெளிப்படையாக இல்லாதிருத்தலும் வேண்டும். இவ்வரையறைக்கு முன்பே, பாத்திரங்களைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துவைக்கும் அமைப்பைப் பற்றிய பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருந்தது. மேம்பாடு என்பது பட்டறையில் இயல்பாக நிகழும் சீர்திருத்தத்தைக் கடந்திருக்க வேண்டும். அறிந்தவற்றின் இணைப்பாயின் புதிய விளைவையோ, மேலான அல்லது மலிவான பொருளையோ தர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஹாட்ச்கிஸ் வழக்கின் கதவுக் குமிழும் இக்கடைசல் எந்திரமும் வேறுவேறு நாடுகளில் ஒரே கேள்வியை எழுப்பியிருப்பது நோக்கத்தக்கது.

‘வெளிப்படை’ என்னும் சொல்லின் சிக்கல்

இக்கோட்பாட்டைத் தமிழில் கற்பிக்கும்போது ஒரு தடை எதிர்ப்படுகிறது. ‘வெளிப்படை’ என்னும் சொல் மறைவின்றித் தெரிவதைக் குறிக்கும். அதன் வினையாகிய ‘வெளிப்படுத்துதல்’ என்பதோ, கண்டுபிடிப்பின் விவரத்தைப் பொதுவெளியில் வைப்பதைக் குறிக்கவும் காப்புரிமை எழுத்துகளில் ஆளப்படுகிறது. ஒரே வேரிலிருந்து வந்த இவ்விரு சொற்களும் இரு வேறு நிபந்தனைகளுக்கு உரியவை. முன்பே வெளிப்படுத்தப்பட்டிருந்தால் இழப்பது புதுமை. வெளிப்படையாக இருந்தால் இழப்பது புத்தாக்கப் படி. கிளாஸ்கோ வழக்கில் ஒற்றை ஒலிபெருக்கி அமைந்த முழு இணைப்பு ஓர் ஆவணத்திலும் வெளிப்படுத்தப்படவில்லை. எனினும் அது வெளிப்படை எனப்பட்டது. இத்தொடரைப் படிக்கும் மாணவர் இதனை முரண்பாடாகவே கொள்வார்.

கோட்பாட்டின் உள்ளீடு, கண்ணுக்குத் தெரிதல் அன்று. தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாததை அறிவால் எட்டுதல். இதற்குரிய சொல் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் ‘உய்த்துணர வைப்பு’ ஒன்று. நேரே கூறாததைக் கூறியவற்றிலிருந்து கற்பவர் ஆராய்ந்து உணருமாறு அமைத்தலை அது குறிக்கிறது. முன்னறிவு ஆவணங்கள் துறைத் திறனாளர்க்குச் செய்வதும் ஏறத்தாழ இதுவே. எனவே, ‘எளிதில் உய்த்துணரத்தக்கமை’ என்னும் தொடரை இக்கோட்பாட்டுக்கு வழங்கலாம். சற்று நீண்டதாயினும், யாருடைய அறிவுக்கு, எவற்றைக் கொண்டு என்னும் இரு வினாக்களையும் இத்தொடர் தானாக எழுப்புகிறது. ‘வெளிப்படை’ என்னும் சொல் அவ்வினாக்களை எழுப்புவதில்லை.

முடிவுரை

அழைப்பவர் பெயரைக் குரலால் கூறும் கருவி பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. பயனுடைமை, புதுமை, புத்தாக்கப் படி ஆகிய மூன்றும் தனித்தனி நிபந்தனைகள் என்பதே இவ்வழக்கு கற்பிக்கும் முதற்பாடம். அறிந்த கூறுகளின் பணி இணைப்பில் மாறினாலும் அம்மாற்றம் எதிர்பார்க்கத்தக்கதாயின் உரிமை நிலைக்காது என்பது இரண்டாவது. துறையினரின் பாராட்டை ஆராயாமல் ஒதுக்குதல் பிழை. ஆயினும் அப்பாராட்டு மட்டும் உரிமையைக் காக்காது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் தமிழில் தெளிவாகக் கற்பிக்க, புதுமையையும் புத்தாக்கப் படியையும் மயங்கவிடாத சொல்லாட்சி தேவை. சட்டத் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் ‘உய்த்துணர்தல்’ என்னும் மரபுச்சொல்லைக் கருத்திற் கொள்வது அத்தெளிவுக்குத் துணைபுரியும்.